வெட்ட மறுத்த நீலக் கோடு

துரத்திவிட்டார்கள் என்று மாடிவீட்டுக்காரி சொன்னால் ஆகிவிடுமா? தன் வீட்டுக் குழாய் ஒழுகுவது தெரியாது, என் பேத்தி ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தாள் என்பது மட்டும் தெரியுமாம். அவள் தானாகத்தான் வெளியே வந்தாள்.

சிறு வயதில் அவள் பெரிய கெட்டிக்காரி ஒன்றுமில்லை. கணக்கில் மந்தம், வாயில் மட்டும் வேகம். ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டாள். அந்தக் குணம்தான் முனைவர் பட்ட ஆய்வு வரை இழுத்துக்கொண்டு போனது.

நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டி அடுப்புகள் இருக்கின்றனவாம். இழுக்கிற மூச்சு அங்கேதான் செலவாகிறதாம். அங்கே வேலை செய்யும் நொதி ஒன்று, பல புரதத் துண்டுகள் கூடினால்தான் உருவாகுமாம்.

"கட்டில் மாதிரி பாட்டி. குறுக்குச் சட்டத்து மேல யாரும் படுக்கிறதில்ல. ஆனா அத மாட்டலன்னா காலு ஆளுக்கொரு பக்கம் சாயும்" என்றாள்.

அப்படியொரு குறுக்குச் சட்டத்தைத்தான் அவள் ஆராய்ந்தாள். அவளுடைய ஆய்வுக்கூடத் தலைவரோ, அந்தத் துண்டு வெறும் அலங்காரம் என்று மேடை மேடையாகப் பேசிப் பேர் வாங்கிய மனுஷர். மேடைக்கு மடிப்புக் கலையாத சட்டை போதும், மூளை எதற்கு?

மனித செல்களில் அந்தத் துண்டை இல்லாமல் செய்து, நீலச் சாயம் கலந்து ஜெல் என்கிற கூழ்ப் பலகையில் ஓட்டிப் படம் எடுத்தாள். பெரியது மேலேயும் சின்னது கீழேயும் கோடு கோடாக நிற்குமாம். முழு நொதிக்கான கோடு மேலே மங்கிக் கிடந்தது. கீழே புதிதாக ஒரு கோடு. கட்டி முடியாமல் பாதியில் நின்றுபோன நொதி அது.

தலைவர் படத்தைப் பார்த்தார். "கீழ இருக்கிறது அழுக்கும்மா. படத்த அதுக்கு மேலயே வெட்டிடு. மேல் கோட்ட கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிக்கலாம். நான் கையெழுத்துப் போட்டாதான் உனக்குப் பட்டம், ஞாபகம் இருக்கட்டும்."

"அந்தத் துண்ட செல்லுக்குத் திருப்பிக் குடுத்தா அழுக்கு போயிடுது சார். மேல் கோடும் பழையபடி வந்துடுது. அப்படி ஒரு அழுக்கு உண்டா?"

சுற்றி இருந்த மெத்தப் படித்தவர்கள் எல்லோரும் தரையில் எதையோ தேடினார்கள்.

வீட்டில் என் மருமகள் அழுதாள். ஒரு கோடுதானே, வெட்டித் தொலைத்தால் என்ன, இத்தனை வருஷப் படிப்பு வீணாகுமே என்றாள். ஆனாலும் வெட்டு என்று என் வாயிலிருந்து வரவில்லை.

மறுநாள் அவள் வெட்டாத படத்தையே தலைவர் மேஜையில் வைத்தாள். கையெழுத்து கிடையாது என்றார். அவள் ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். போனால் திரும்ப வர முடியாது என்று மிரட்டினார்.

"கதவச் சாத்திட்டுப் போகவா சார், தெறந்து வைக்கவா?"

விரியத் திறந்து வைத்துவிட்டு வந்தாள்.