நன்றி: இணையம்

அவருடைய விரிவுரையைப் பிள்ளைகள் கதவடியில் நின்றாவது கேட்பார்கள். என்னுடையதற்கு முன்வரிசைக் கதிரைகளே வெறுமையாகக் கிடக்கும். ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை, ஒரே சம்பளம். பொறாமைதான், வேறென்ன?

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரம் மாறிய விதத்தை அவர் படங்களோடு படிப்பித்தார். ஒருநாள் அவருடைய வகுப்பைத் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க எங்கள் வீடு! மருதமுனையில் கடல் வாரிக்கொண்டு போன வீட்டில், முன்சுவரின் ஒரு துண்டும் சாத்திய கதவும்தான் மிச்சம். அந்தப் படத்தை எடுத்தவள் நான். கடல் வந்த அன்று, உம்மா பின்னால் வருகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் நாங்கள் ஓடினோம். அவர் வரவில்லை. உம்மாவின் மையித்தை அடக்கிய மறுநாள் போய் எடுத்த படம் அது. உதவிக்கு வந்த ஓர் அமைப்பினர் கேட்டார்கள் என்று கொடுத்தேன். தங்கள் இணையத்தளத்தில் போட்டார்கள்.

படத்துக்குக் கீழே 'நன்றி: இணையம்' என்று எழுதியிருந்தது. இணையமா எங்கள் வளவுக்கு வந்து படம் பிடித்தது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடக் கொடுமை, ஒரு பிள்ளை முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் வகுப்பில் எவள் அழுதாள்? கொட்டாவிதான் விடுவார்கள்.

சட்டத்தைத் தேடி வாசித்தேன். படிப்பிப்பதற்காக வகுப்பில் காட்டினால் அது நியாயமான பயன்பாடாம். வயிறு இன்னும் எரிந்தது. யுத்தம் முடிந்து பாதைத் தடைகள் எடுபட்ட வருடம், அவரைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேசக் கூப்பிட்டார்கள். விரிவுரைகளைப் புத்தகமாக அடித்து விற்கப்போகிறார், அட்டையில் அந்தப் படம்தான் என்றும் கேள்விப்பட்டேன். விற்கிற புத்தகத்துக்கு அனுமதி வேண்டுமே! மாட்டினார் என்று சந்தோஷமாக அவருடைய அறைக்குப் போனேன்.

"சேர், அந்தக் கதவுப் படம் இணையம் எடுத்ததில்ல, நான் எடுத்தது. அது எங்கட ஊடு."

அவர் எழும்பி நின்றுவிட்டார். "அல்லாஹ்வே! சத்தியமா எனக்குத் தெரியா மிஸ். ஒங்கட பேரப் போடுறன்."

"பேரும் வேணாம், ஒண்டும் வேணாம். அட்டையிலயும் போட வேணாம், வகுப்பிலயும் காட்ட வேணாம்."

"வகுப்பில காட்டலாந்தானே மிஸ், சட்டத்தில இடமிரிக்கி..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சட்டம் கிடக்கட்டும். ஒங்கட ஊடு. எடுத்திடுறன்."

சண்டைக்கென்று வரிந்துகட்டிக்கொண்டு போனவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. நல்ல மனிசனாகவும் இருக்கிறாரே என்று அதற்கும் எரிந்தது. உம்மாவைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை.

படம் இல்லாமல் என்னத்தைக் கிழிக்கிறார் பார்ப்போம் என்று அவருடைய அடுத்த விரிவுரைக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். அந்த இடம் வந்ததும் திரையில் வெறும் வெள்ளை.

"இதில ஒரு படம் இரிந்திச்சி. எடுத்தவங்க காட்ட வேணாம் எண்டுட்டாங்க. அது அவங்கட உரிமை. நான் கண்டத மட்டும் சொல்றன்," என்றார். "ஊடு இல்ல. கதவு மட்டும் நிக்கிது. அந்தக் கதவுல ஒரு பூட்டு தொங்குது. கடல் வரக்குள்ள ஆரோ நிண்டு, கதவச் சாத்தி, பூட்டிப்போட்டுத்தான் வெளிக்கிட்டிரிக்காங்க."

படத்துக்கு அழுதவர்களைவிட இதற்கு அழுதவர்கள் அதிகம். படத்தை மறிக்க என்னால் முடிந்தது. அவர் வாயை மறிக்க எந்தச் சட்டம் இருக்கிறது?

என் அறைக்கு ஓடிவந்து கணினியில் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். பூட்டு இருந்தது. அந்தப் பூட்டின் திறப்பை உம்மா யாரிடமும் கொடுக்கமாட்டார். அவர் ஏன் பிந்தினார் என்று எங்களில் ஒருவருக்கும் இத்தனை வருடமாகத் தெரியாது. நான் எடுத்த படத்திலேயே அது இருந்திருக்கிறது. உம்மாவை ஆளே தெரியாத அவர் எனக்கு முதல் கண்டுவிட்டார். அழுகை வந்தது. அதற்கும் முன்னால் பொறாமைதான் வந்தது.