கட்டியவரே முதலில் ஏற வேண்டும்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேராவது அன்றைக்கு எங்கள் வாசலில் நின்றிருந்தவர்கள்தான். அண்ணனைக் கிடத்துவதற்கு முன்னால், சாரணர் சீருடை அணிந்த ஒருவர் பாடையில் ஏறி மல்லாந்து படுத்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். "இன்னாம்மா அநியாயம் இது? பொணத்துக்கு முன்னாடி உயிரோட கீறவன் படுக்கறான், நீ பாத்துகினு நிக்கறியே!" என்று சித்தப்பா என்னைக் கேட்டார். இந்த ஓராண்டில் இரண்டு கல்யாண வீடுகளிலும் ஒரு காதுகுத்திலும் அதே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது. எழுதியே கொடுத்துவிடுகிறேன். எழுதினால் நான் செய்ததும் வெளியே வரும். வரட்டும்.

அண்ணன் பிறந்தது கவரைப்பேட்டையை ஒட்டிய ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். கழனிகள் கைமாறித் தொழிற்சாலைகள் ஆனபோது, அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலைக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனார். உலைக்கு எதிரில் ஒன்பது வருடம் நின்றார். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் முன்பே அப்பா இருமி இருமி இறந்தார். இரண்டு வருடத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. அண்ணன் அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, சோறாக்கி, என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். என் தலையையும் அவர்தான் பின்னுவார். சாரணர் கயிறு கட்டுகிற கை அல்லவா, இழுத்து இறுக்கிவிடுவார். சாயந்திரம் அவிழ்க்க நான் அழுவேன். "அவுரவே கூடாதுமா, அதான் கட்டு" என்பார். அப்படியொரு பேஜாரு.

பள்ளியில் படிக்கும்போது அண்ணன் சாரணராக இருந்தார். வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பள்ளிக்குப் போனார். சாரணர் படையை நடத்திவந்த முனுசாமி ஆசிரியர், "வந்துட்டியா, வா" என்று ஒரு கழுத்துக்குட்டையை எடுத்துக் கொடுத்தாராம். அவ்வளவுதான், இருபத்திரண்டு வருடம் அது அண்ணன் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. ஆசிரியரைச் சேர்க்காமல் அவர்கள் ஆறு பேர். ஒருவர் ரயில்வே, ஒருவர் லேத் பட்டறை, மற்றவர்கள் ஆளுக்கொரு கம்பெனி. சம்பளமோ பதவியோ எதுவும் கிடையாது. ஞாயிறு காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் கடைசி பெஞ்சில் கூடுவார்கள். சந்தித்தால் சாரணர் முறைப்படி இடது கையைக் கொடுத்துத்தான் குலுக்குவார்கள். முகாமில் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்த பிறகு, அண்டாவில் மிச்சம் இருந்தால்தான் இந்த ஆறு பேருக்கும் சாப்பாடு. பல நாள் அடிப்பிடித்த சோறுதான் கிடைத்திருக்கிறது. அதையும் சிரித்துக்கொண்டே சுரண்டுவார்கள்.

கல்யாணப் பேச்சை எடுத்தாலே அண்ணன் முகாமுக்குக் கிளம்பிவிடுவார். "அந்தக் குட்டையையே கட்டிகினு குடும்பம் நடத்து, போ" என்று நான் கத்துவேன். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவர் தனியாகத்தான் இருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் அவரோடு வந்து குடியேறியதே அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடத்தான்.

அந்த ஆறு பேரில் அண்ணனுக்கு மிக நெருக்கமானவர் திரு. சாலமன். ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அன்று பாடையில் படுத்தவர் அவர்தான்.

இப்போது அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முகாமில் சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்துப் பாலம் கட்டுவார்கள், கோபுரம் கட்டுவார்கள். எந்தக் கட்டாக இருந்தாலும் அதைக் கட்டியவரே முதலில் ஏறி, முழு எடையையும் போட்டு நிற்க வேண்டும். அவர் இறங்கி வந்து "தாங்கும்" என்று வாயால் சொன்ன பிறகுதான் மற்றவர் கால் வைக்கலாம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்த ஆறு பேரும் ஆசிரியரும் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. தொப்பையும் தொந்தியுமாக முனுசாமி ஆசிரியர் ஏறும்போது, "சார், கம்பு பாவம் சார்!" என்று கீழே நின்று கிண்டல் செய்வார்களாம். ஆனாலும் யாரும் அவருக்குப் பதிலாக ஏற மாட்டார்கள்.

அண்ணனைக் கட்டிலில் கிடத்திய விபத்து நடந்தது ஒரு முகாமுக்கு முந்தைய நாள். பிள்ளைகள் இன்னும் வரவில்லை, பெரியவர்கள் மட்டும் பள்ளி மைதானத்தில் முகாம் வாயிலுக்குக் கோபுரம் கட்டினார்கள். காலையில் தூறல். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்த சாலமன், மேல்தட்டை நார்க் கயிற்றால் கட்டினார். கட்டியவுடன் ஏறி நின்று குதித்தும் பார்த்தார். "தாங்கும்" என்றார். தாங்கியது. பிறகு நாஷ்டா சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் படுத்தவர் அசந்து தூங்கிவிட்டார்.

பதினொரு மணிக்குமேல் வெயில் சுள்ளென்று அடித்தது. நனைந்த நார்க் கயிறு இறுக்கமாக இருக்கும், காய்ந்தால் தளரும். அந்த ஆறு பேருக்கும் இது தெரியும், அண்ணனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். கயிறு காய்ந்தால் கட்டியவர் மறுபடியும் ஏறிப் பார்க்க வேண்டும் என்பதுதான் வழக்கம். கொடிக்கம்பை மேலே கட்டும் வேலை பாக்கி இருந்தது. சாலமனை எழுப்பட்டுமா என்று முனுசாமி ஆசிரியர் கேட்டிருக்கிறார். "நைட்டு முழுக்க கண்ணு முழிச்சிட்டு வந்துகீறான். தூங்கட்டும் சார், பாவம். நான் ஏறிக்கிறேன்" என்று அண்ணன் ஏறினார்.

தட்டு ஒரு பக்கம் சரிந்தது. அண்ணன் முதுகு அடிபட விழுந்தார். இடுப்புக்குக் கீழே அன்றோடு எல்லாம் போயிற்று.

சென்னையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாலமன் நின்றிருந்தார். சட்டையெல்லாம் மண். நான் அவரிடம் போய், "எங்கண்ணன் மேல ஏறும்போது நீ தூங்கிகினு இருந்தியா?" என்று கேட்டேன். அதுவரை அவரை 'நீ' என்று கூப்பிட்டதே இல்லை. "ஆமாம்மா" என்றார். அண்ணன் தானாகத்தான் ஏறினார் என்றுகூடச் சொல்லவில்லை. அதை முனுசாமி ஆசிரியர் சொன்னபோது நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது.

அண்ணன் வீட்டுக் கட்டிலில் பதினான்கு மாதம் கிடந்தார். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். சாரணர் நண்பர்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். சுவரில் ஒரு தாளை ஒட்டி, யார் எப்போது என்று எழுதி வைத்தார்கள். புரட்டினார்கள், துடைத்தார்கள், சிறுநீர்ப் பையை மாற்றினார்கள். கூடப்பிறந்தவர்கள்கூடச் செய்ய மாட்டார்கள். அந்தத் தாளில் சாலமன் பெயர் மட்டும் இல்லை. "அவர் பேச்சை எடுத்தா அண்ணனுக்கு பி.பி. ஏறுது, டாக்டர் எடுக்கவே கூடாதுன்னுட்டாரு" என்று அவர்களிடம் நான் சொல்லியிருந்தேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே சாலமன் வந்தார். நான் கேட்டைத் திறக்கவில்லை. "உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னுட்டாரு அண்ணன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எதிர்ச் சாரியில் கரண்டு கம்பத்தருகே கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே வந்தேன். "சாலமன் வரலையா?" என்று அண்ணன் கேட்டார். "வரல" என்றேன். "ஷிப்டு போல" என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் இதேதான் நடந்தது. வெளியே அவர் நிற்பார், உள்ளே இவர் கேட்பார். நடுவில் நான். "ஷிப்டு போல" என்றவர், பிறகு "ஒடம்பு சரியில்லையோ இன்னாவோ" என்றார். ஒருநாள், "என்னைப் பாக்க அவனுக்கு பயமாகீது போல" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கழுத்தையும் கைகளையும் மட்டும்தான் அவரால் அசைக்க முடியும் என்ற அளவுக்கு அப்போது உடம்பு விழுந்திருந்தது. அன்றைக்காவது என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இப்போது நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

பதினான்காம் மாதம் ஒரு திங்கட்கிழமை முனுசாமி ஆசிரியர் ஒரு கயிறு கொண்டுவந்தார். பிடித்து எழும்ப வசதியாக இடையிடையே கைப்பிடிக் கம்பு வைத்துக் கட்டியது. விட்டத்தில் மாட்டினார். அண்ணன் மெல்லக் கையைத் தூக்கி அதைப் பிடித்தார். ஒவ்வொரு முடிச்சாகத் தடவினார். ஆசிரியர் கிளம்பிப் போன பிறகுதான் என்னிடம் கேட்டார்.

"பாப்பா, இது சாலமன் கட்டு. முடிச்சுமேல ஒரு சுத்து கூட போடுவான், அவன் ஒருத்தன்தான் அப்பிடி. அவன் வந்துகினுதான் கீறான், இல்ல?"

நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என்னைக் கூப்பிட்டு நிதானமாகத்தான் பேசினார்.

"அன்னிக்கு அவுந்தது வெயில்னாலமா, அவனால இல்ல. அவனை எழுப்பாம ஏறுனது நானு. தப்பு என்னுது. வர்ற ஞாயித்துக்கெழம அவனை உள்ள கூப்புடு. எனக்குப் பாடை கட்டறப்பவும் அவனையே கூப்புடு."

"சும்மா இருண்ணா" என்றேன்.

அவர் சொன்னது திங்கட்கிழமை. அன்றே ஒரு போன் செய்திருந்தால் சாலமன் அரை மணியில் வந்திருப்பார். கூப்பிட்டால் என் பொய் இரண்டு பேருக்கும் தெரிந்துவிடுமே என்று, ஞாயிறு வரட்டும் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை முதுகுப் புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. வெள்ளி மாலை ஆம்புலன்சில் ஏற்றினோம். சனிக்கிழமை மதியம் அண்ணன் போய்விட்டார். கடைசியாக நினைவு இருந்தபோது, "நாளைக்கு ஞாயிறு தானே?" என்று கேட்டார்.

மறுநாள் ஞாயிறு. சீருடையில் வந்த மற்றவர்கள் வாசலில் நிற்க, சாலமன் வழக்கம்போலக் கரண்டு கம்பத்தருகே நின்றார். சாவு வீட்டுக்குள்ளும் நான் விடமாட்டேன் என்று நினைத்திருக்கிறார். நான் தெருவைத் தாண்டிப் போனேன்.

"பாடை நீங்கதான் கட்டணும்னு அண்ணன் சொன்னாரு."

"அவரா சொன்னாரு?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அவர் வந்து, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மூங்கிலை அளந்து, கயிற்றைக் கையால் நீவி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு முடிச்சுக்கு மேலும் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டார். கட்டி முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். நீங்கள் எல்லாரும் பதறினீர்கள். முனுசாமி ஆசிரியரும் மற்ற நான்கு சாரணர் நண்பர்களும் பதறவில்லை, விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்கள். சாலமன் எழுந்தார். சுற்றி இத்தனை பேர் இருந்தும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தாங்கும்மா."

சித்தப்பா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவர் எந்தச் சடங்கையும் அவமதிக்கவில்லை. அன்றைக்குச் செய்ய முடியாமல்போனதை அண்ணனுக்குச் செய்துவிட்டுப் போனார்.

அண்ணன் படுத்திருந்த நாட்களில் எங்களைத் தாங்கிய முனுசாமி ஆசிரியருக்கும் சாரணர் நண்பர்களுக்கும், கேட்காமலேயே ரசமும் சோறும் கொண்டுவந்து வைத்த எங்கள் தெருப் பெண்களுக்கும், வெள்ளிக்கிழமை நெரிசலில் எங்களைக் கொண்டுசேர்த்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், புண்ணுக்கு மருந்து வைக்க முகம் சுளிக்காமல் வந்த செவிலியருக்கும், கடைசிவரை கூட நடந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். திட்டாமல் என்னோடு இருந்த என் வீட்டுக்காரருக்கும்.

சாலமன் அவர்களின் பெயரை இந்த நன்றிப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. அண்ணன் தன்னை வெறுத்தபடியே படுத்திருந்தார் என்றுதான் அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் அவரைக் கேட்டது அவருக்குத் தெரியாது. ஒரு வருடமாக அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வரும் முன்பே, அச்சகத்திலிருந்து முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போவேன். அதைக் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை தெருவில் நிற்பேன். உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர் இஷ்டம். கூப்பிடவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் போய் நிற்பேன்.

தங்கை