ஞாயிறு ஒன்பது மணிக் குரல்

கண்ணாடிக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில், இரண்டாம் மாடியில், காது பரிசோதனை நிலையம் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்ப்பவளை எல்லோரும் காதுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று துருவிக் கேட்பவர்களிடம், "கேக்கற மாதிரி யாரும் இதுவரைக்கும் எதுவும் சொல்லலை" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. சத்தம் புகாத சின்ன அறை. அதற்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். 'கீ' என்று கேட்டால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. சத்தத்தை ஒரே இடைவெளியில் கொடுத்துக்கொண்டே போனால், கேட்காதவர்கூடச் சரியாக அமுக்குவார். காது கேட்டு அல்ல, தாளம் பிடிபட்டு. ஏமாற்றுகிறார் என்றும் சொல்ல முடியாது, விரல் தானாகப் போய்விடும். அதனால் காதுக்காரம்மா நடுவில் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒன்றுமே ஒலிக்காத நேரத்தில் ஒரு விரல் அமுங்குவதைப் பார்த்தால் இன்றைக்கும் அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ செய்யும்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. தம்பி ஒருவன் உண்டு, அவளைவிட ஒன்பது வயது சின்னவன், சைக்கிள் மெக்கானிக். ஊரார் சைக்கிளையெல்லாம் ஒக்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று ஒரு நாள், "சைக்கிள்லயே உலகத்தைச் சுத்திட்டு வரப்போறேன்" என்றான். அம்மா இருந்திருந்தால் அன்றைக்கே இரண்டு டயரையும் அறுத்துப் போட்டிருப்பாள். அப்பா முப்பது வருஷம் ஒரே வழித்தடத்தில் பஸ் ஓட்டியவர். "கடைசி ஸ்டாப் எதுடா?" என்று மட்டும் கேட்டார்.

"நம்ம வீடுதாம்ப்பா" என்றான் தம்பி.

ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொண்டார்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அப்பாவின் போனுக்குத் தம்பியிடமிருந்து குரல் செய்தி வரவேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் இந்த வீட்டுக் கடிகாரப்படி ஒன்பது. அதைக் கேட்டு முடித்ததும் அப்பா பதில் சொல்லுவார். அதற்குத் தம்பியின் பதில் அடுத்த ஞாயிறு. அப்பாவுக்கு வண்டி எடுக்கும்முன் பிரேக், டயர், தண்ணீர் என்று வரிசையாகப் பார்த்துப் பழக்கம். மகனிடமும் அதே வரிசைதான். "சாப்பிட்டியா? பிரேக் சரியா இருக்கா? தண்ணி கையில இருக்கா? தங்க எடம் கெடச்சுதா?" கடைசியில், "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று முடிப்பார். ஐந்தே வரி. ஒரு வாரம்கூட மாறியதில்லை. ஆறாவதாக ஒரு வரி சொல்லுங்களேன் என்று மகள் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறாள். "டிரைவரோட பேசக் கூடாது, போர்டு போட்டிருக்கும், பாத்ததில்ல?" என்பார்.

தம்பி போய்ப் பதினாலு மாதம் ஆனபோது அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிந்து கட்டுப் போட்டார்கள். அந்த ஞாயிறு நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டு, ஐந்தாவது வரிக்குப் பதிலாக, "கை ஒடிஞ்சிருச்சுடா" என்றார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக வரிசை மாறியிருந்தது.

அடுத்த ஞாயிறு. டீயைக் குடித்து முடித்துவிட்டு இருவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள். சரியாக ஒன்பதுக்குப் போன் அதிர்ந்தது.

"அப்பா, சாப்பிட்டேன், வயிறு நெறைய. பிரேக் கத்தி மாதிரி புடிக்குது. ரெண்டு பாட்டில் தண்ணி இருக்கு. தங்கவும் நல்ல எடம் கெடச்சிருச்சு." சின்ன இடைவெளி. பிறகு சிரித்துக்கொண்டே, "சந்தோஷம்ப்பா. அப்படியே இருங்க."

காதுக்காரம்மா அதை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டாள். ஒடிந்த கையோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்து, எங்கோ தூர தேசத்திலிருந்து ஒருவன் சிரித்துக்கொண்டே 'அப்படியே இருங்க' என்கிறான். அவள் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. அக்காவுக்கு லேசாகத் தலைவலி என்றால்கூட இரண்டு மாத்திரையோடு வந்து நிற்கிறவன்.

"சரியா காதுல விழுந்திருக்காது" என்றார் அப்பா. சொல்லிவிட்டு வழக்கமான நான்கு கேள்விகளையும் கேட்டார். கடைசியில் மறுபடியும், "கை ஒடிஞ்சிருக்குடா" என்றார்.

அவள் கடந்த மூன்று மாதச் செய்திகளையும் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில், அந்தச் சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எத்தனையோ பேரை உட்காரவைத்த நாற்காலியில் தானே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பழைய செய்திகளில் காற்று இருந்தது, லாரி இருந்தது, யாரோ புரியாத மொழியில் எதையோ கூவி விற்றார்கள். கடைசி ஏழு செய்திகளில் ஒன்றுமே இல்லை. காற்று இல்லை, தெரு இல்லை. சத்தத்தைக் கூட்டினாள். மெல்லிய ரீங்காரம். பிறகு 'டொக்' என்று ஒரு அடி. அதைத் தொடர்ந்து தகரம் நடுங்குகிற சத்தம்.

அது அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ். அது நிற்கும்போது 'டொக்' என்று உதைக்கும், மேலே வைத்திருக்கும் ஆணி டப்பா நடுங்கும். இருபது வருஷம் கேட்ட சத்தம் காதுக்காரம்மாவுக்குத் தப்புமா? அப்படியானால் அவன் வீட்டில் இருக்கிறானா? ஏழு வாரமாக, அவளும் அப்பாவும் மேஜையில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தச் சமையலறையிலேயே நின்றுதான் பேசிக்கொண்டிருக்கிறானா?

அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அந்த ஃபிரிட்ஜ் இப்போது இல்லை. தம்பி போன மூன்றாவது மாதம் அது உயிரை விட்டது, பழைய இரும்பு வாங்குகிறவர் தூக்கிக்கொண்டு போனார். இப்போது இருக்கும் புதுசு மூச்சே விடாது. என்றைக்கோ செத்துப்போன ஃபிரிட்ஜ் போன ஞாயிற்றுக்கிழமை ஓடியிருக்கிறது.

ஏழாவது செய்தியை மறுபடியும் ஓட்டினாள். 'அப்படியே இருங்க'வுக்குப் பின்னால், வெகு தூரத்தில், யாரோ இருமினார்கள். இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல். அது அப்பா. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். மத்தியானப் பரிசோதனைக்குக் காத்திருந்த பெரியவர், "என்னம்மா, உங்களுக்கே காது கேக்கலையா?" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விடுமுறை சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நேரே சைக்கிள் கடைக்குப் போனாள். அங்கே தம்பியின் கூட்டாளி இருந்தான். எப்போதும் காற்றடித்துக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் பம்பு என்று பெயர். அவள் முகத்தைப் பார்த்ததுமே பம்பு கையிலிருந்த சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"எங்க அவன்?"

"அக்கா, உக்காருங்கக்கா."

"எங்க அவன்னு கேட்டேன்."

அவன் உடைந்துபோனான். ஊரைவிட்டுப் போகும்முன் தம்பி பத்துச் செய்திகளைப் பதிவு செய்து பம்புவிடம் கொடுத்திருக்கிறான். செய்தி அனுப்பும் தன் கணக்கைக் கடைக் கணினியிலும் திறந்துவைத்திருக்கிறான். சிக்னல் இல்லாத இடத்துக்குள் நுழையும்போது சொல்வான், ஞாயிற்றுக்கிழமைகளில் பம்பு ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். ஏனென்றால் ஒன்பது மணிக்குச் செய்தி வராவிட்டால் அப்பா ஒன்பதேகாலுக்குப் படி ஏறி இறங்க ஆரம்பித்துவிடுவார். கேள்விகள்தான் மாறுவதில்லையே, பதிலை முன்கூட்டியே சொல்லிவைத்தால் என்ன என்று யோசித்திருக்கிறான். இப்படி ஒரு கோளாறான புத்தி அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் வரும்.

"மலை தாண்ட மூணு வாரம்னு சொன்னான்க்கா. மூணு அனுப்பினேன். நாலாவது வாரமும் போன் போகலை. என்ன பண்றதுன்னு தெரியலை. நிறுத்தினா அப்பா பயந்துடுவாரேன்னு..." பம்பு தரையைப் பார்த்தபடியே பேசினான். "தினம் பத்துத் தடவை கூப்பிடறேன். அணைஞ்சே கெடக்கு."

"ஏழு வாரமா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க."

"ஒவ்வொரு ஞாயிறும் அனுப்பறப்ப நானும் கேப்பேங்க்கா. அவனே பேசறான், சிரிக்கறான். கேட்டா உயிரோட இருக்கறவன் மாதிரிதான் இருக்கு."

அவனைப் பளார் என்று அறைய வேண்டும் போல இருந்தது. அவன் அழுதுகொண்டிருந்ததால் விட்டுவிட்டாள்.

வெளிநாட்டில் காணாமல்போனவர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். கடைசியாக எப்போது பேசினார் என்று எழுத்தர் கேட்டார். அவள் போனைக் காட்டினாள். "போன ஞாயித்துக்கிழமைகூடப் பேசியிருக்காரே, அப்புறம் எப்படிம்மா காணாமப் போனாரு?" என்றார் அவர். முழுக் கதையையும் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விசாரித்துச் சொல்கிறோம் என்று ஒரு தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? இந்த வயதில் தலையில் கல்லைத் தூக்கிப் போடவா? சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சமையலறையில், பழைய ஃபிரிட்ஜ் நின்ற இடத்துச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அந்தச் சுவரில் இன்னும் ஃபிரிட்ஜ் அளவுக்கு வெளிறிய கட்டம் ஒன்று இருந்தது.

"எங்கம்மா போயிருந்த?"

"பம்பு கடைக்கு."

அப்பா மேஜையில் கிடந்த போனைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு கேட்டார். "இன்னும் மூணு பாக்கியா?"

"உங்களுக்கு எப்படி...?"

"அவன் இங்க உக்காந்து பதிவு பண்ணின அன்னைக்கு மத்தியானம் நான் பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன். அவன் நான் காது மிஷினைக் கழட்டிட்டுத் தூங்கறேன்னு நெனச்சான். நீ அதுக்கு முந்தின நாள்தான் புதுசா மாட்டிவிட்ட. கழட்ட மனசு வரலை. பத்தையும் கேட்டேன். பத்து தடவை சாப்பிட்டேன்னான், பத்து தடவை பிரேக் புடிக்குதுன்னான்." அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு வாரம் முந்தி மொத ரீலு ஓட ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதாப்பா?"

"நீ நிம்மதியா இருந்தியே."

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஒரு வீட்டில் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பயப்படவிடக் கூடாது என்று காப்பாற்றிக் காப்பாற்றி, கடைசியில் நடுவில் இருந்த ஒருவனைத் தொலைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "அப்ப கை ஒடிஞ்சதை யாருகிட்டப்பா சொன்னீங்க?"

"அவன்கிட்டத்தான். எப்பவாவது கேப்பான்ல."

பாக்கி இருந்த மூன்று ஞாயிறுகளும் வந்தன. பம்புவை நிறுத்தச் சொல்லலாமா என்று அவள் கேட்டதற்கு, "வரட்டும், புள்ள குரல்தானே" என்றார் அப்பா. எட்டாவது வந்தது. ஒன்பதாவது வந்தது. பத்தாவது முடிந்த பிறகு அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமல் வெகு நேரம் வைத்திருந்தார். அதில் இனி எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்குப் போன் மேஜையில் சும்மா கிடந்தது. ஒன்பதே கால் ஆயிற்று. அப்பா படி ஏறவில்லை. போனை எடுத்து, "சாப்பிட்டியா? பிரேக் சரியா இருக்கா? தண்ணி கையில இருக்கா? தங்க எடம் கெடச்சுதா?" என்று கேட்டு அனுப்பினார். ஒலிக்காத சத்தத்துக்குப் பொத்தானை அமுக்குகிற விரல் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

அதற்கடுத்த புதன்கிழமை அப்பாவுக்குக் கட்டைப் பிரித்தார்கள். மணி பன்னிரண்டே முக்கால். வெட்டியெடுத்த மாவுக்கட்டை நர்ஸ் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

ஞாயிறு இல்லை. ஒன்பது மணி இல்லை. யாரும் காத்திருக்காத நேரம். திரையில் தம்பியின் பெயர் இருந்தது. பத்துதான் என்றானே பம்பு. பதினோராவது ஏது? போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். பேச்சைக் கேட்பதற்கு முன்னால், அதன் பின்னால் இருப்பதைத்தான் அவள் காது தேடியது. ரீங்காரம் இல்லை, 'டொக்' இல்லை. காற்று. ஒரு நாய் குரைக்கிறது. புரியாத மொழியில் ஒரு பெண் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்கு நடுவே, கரகரத்து, மெலிந்து, அடையாளமே தெரியாமல் போன ஒரு குரல். அவள் போனை அப்பா பக்கம் நீட்டி முதலிலிருந்து ஓட்டினாள்.

"அப்பா... ஆத்துல போன் போச்சு. காய்ச்சல்ல விழுந்துட்டேன், இங்க ஒரு வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டாங்க. இப்பத்தான் வேற போன் கெடச்சுது. நீங்க அனுப்பினதெல்லாம் மொத்தமா வந்திருக்கு. ஒவ்வொண்ணா கேட்டேன்." மூச்சு வாங்கியது. "அப்பா, எந்தக் கை?"

பதினைந்து மாதத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

அப்பா பதில் பதிவு செய்யும் பொத்தானை அமுக்கவில்லை. அது குரல் செய்தி, போனுக்குக் கண் கிடையாது என்பதெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிருக்க வேண்டும். அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்த, தோல் உரிந்து சூம்பிப்போயிருந்த வலது கையைத் தூக்கிப் போனுக்கு எதிரே காட்டினார்.

"இந்தக் கைடா" என்றார்.