உப்புப் பார்க்க வந்த பேயாண்டி

என் வீட்டுக்காரர் ஜுல்பிகருக்கு மதுரையில ரெண்டே பேரைத்தான் பிடிக்கும். ஒண்ணு நான், இன்னொண்ணு பேயாண்டி. இதுல யாரு முதல்லன்னு நான் கேட்டதே இல்ல. பதில் தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் எனக்குத்தான் வயித்தெரிச்சல்.

ஜுல்பிகர் பண்டாரி. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குறவரு. பேயாண்டி சாப்பாட்டைப் பத்திப் புஸ்தகம் எழுதுறவரு, யூடியூப்லயும் பேசுவாரு. சொந்த ஊரு அலங்காநல்லூர் பக்கம். வாயைத் திறந்தா வம்புதான். பேர் போன கடைக்குள்ளயே உக்காந்துக்கிட்டு, "இதை நாய்க்கு வச்சா அது என்னையத்தான் கடிக்கும்"னு சொன்ன ஆளு. குடிப்பாரு. கட்டுன பொண்டாட்டி ரெண்டு பேரும் விட்டுட்டுப் போயாச்சு. அம்புட்டும் தெரிஞ்சும், வெங்காயம் வதக்கும்போது இவருக்கு அந்தாளு குரல் போன்ல ஓடிக்கிட்டே இருக்கணும்.

"அந்த மனுஷன் மனசுல பட்டதைத்தான் பேசுவாரு ஷாஹீதா" என்பாரு.

"அப்படிப் பேச யாரு காசு குடுக்குறான்னு பாருங்க மச்சான்" என்பேன் நான்.

எனக்கு யாரு மேலயும் லேசுல நம்பிக்கை வராது. கறிக்கடையில தராசைப் பார்க்க மாட்டேன், கடைக்காரர் விரலைத்தான் பார்ப்பேன்.

பேயாண்டி யூடியூப்ல கலர்ப் பொடியைத் திட்டுனாருன்னு இவரு பிரியாணிக்கு அதைப் போடுறதை நிறுத்துனாரு. சோறு வெளுத்துப் போச்சு. "காய்ச்சக்காரனுக்கு ஆக்குன மாதிரி இருக்கே"ன்னு சொல்லி ஒவ்வொரு வீடா வேற பண்டாரிகிட்டப் போயிருச்சு. மிஞ்சுனது கப்பலூர்ல கம்பெனி வச்சிருக்குற சேக் இஸ்மாயில் பாய் வீடு மட்டும்தான். மூத்த மக ஆஷிகாவுக்கு, காளவாசல் பக்கம் ஒரு மண்டபத்துல நிக்காஹ். இது நல்லபடியா அமைஞ்சா அடுத்த மக கல்யாணமும் உனக்குத்தான்னு பாய் சொல்லியிருந்தாரு. கெட்டுச்சுன்னா இவரு இன்னொருத்தர் அடுப்புல கூலிக்குக் கரண்டி பிடிக்கணும். அது எங்க ரெண்டு பேருக்கும் நல்லாவே தெரியும்.

அன்னைக்குக் காலையில மண்டபத்துக்குப் பின்னாடி அடுப்படியில பச்சடிக்கு வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தேன். பேயாண்டி வந்து நிக்கிறாரு! பாய் வீட்டு விருந்தாளியாம். ஜுல்பிகருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "சார், கலர்ப் பொடியை விட்டுட்டேன் சார், உங்களாலதான் சார்"னு மசாலாவைக் கிண்டுறதை விட்டுட்டு அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

எனக்கு உள்ளுக்குள்ள உறுத்துச்சு. விருந்தாளின்னா மண்டபத்துல உக்கார வேண்டியதுதான? அடுப்படியில என்ன வேலை? ஒண்ணு, பாய்கிட்டக் காசு வாங்கியிருப்பாரு. இல்லாட்டி எங்களைப் படம் எடுத்து மானத்தை வாங்க வந்திருப்பாரு. எதுக்கும் இருக்கட்டும்னு டீ ஊத்திக் குடுத்தேன். "டீ பிரமாதம்மா"ன்னு கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாரு. அதே டீயை வாயில வச்ச முனீஸ்வரி, பாத்திரம் கழுவ வந்த பொண்ணு, "என்னக்கா, சீனியே போடலையா?"ன்னு மூஞ்சியச் சுளிச்சா. எனக்குச் சுருக்குன்னுச்சு.

அரிசி போடுறதுக்கு முன்னாடி மசாலாத் தண்ணியில உப்புப் பார்க்கணும். எங்க பக்கம் அதைப் பண்டாரி பார்க்க மாட்டாரு. விருந்துக்காரங்க வீட்டு ஆளுதான் வந்து பார்த்துச் சொல்லணும். அவங்களுக்குப் பதிலா பண்டாரியோ அவரு வீட்டாளோ வாயில வச்சா அது அந்த வீட்டுக்கு மரியாதைக் கொறச்சல். பாய் மாப்பிள்ளையை அழைக்கப் போயிட்டாரு. "சாரே பார்க்கட்டும்"னு சொல்லி அனுப்பிட்டாரு.

ஜுல்பிகர் கரண்டியை நீட்டுனாரு. பேயாண்டி உறிஞ்சினாரு. அந்த நேரம் அவரு கண்ணு கரண்டி மேல இல்ல, இவரு மூஞ்சி மேல இருந்துச்சு.

"கச்சிதம். இனி கை வைக்காத."

இவருக்குக் கண்ணே கலங்கிருச்சு. அரிசி எடுக்கத் திரும்புனாரு. நான் கரண்டியில கொஞ்சம் அள்ளி விரலால தொட்டு நாக்குல வச்சேன். யா அல்லாஹ்! ஒரு கல்லு உப்பு விழுகல. பேயாண்டிகிட்டப் பேசுன சந்தோஷத்துல இவரு போடவே மறந்துட்டாரு.

"மச்சான், உப்பில்ல."

"சாரே சொல்லியாச்சு. உனக்கு என்ன தெரியும்?"

"அந்தாளுக்கு டீயில சீனி இல்லாததே தெரியல, இதுவா தெரியும்?"

பேயாண்டி பக்கத்துல வந்தாரு. "உப்பைப் போடுப்பா. கொரோனா வந்ததுல இருந்து எனக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது."

"யாருக்கும் தெரிய வேணாம் சார், உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது"ன்னு நான்தான் சொன்னேன். இவரு உப்பை அள்ளிப் போட்டாரு. நானே பார்த்துச் சரின்னேன். அரிசி விழுந்துச்சு.

விருந்துல ஒரு குறையும் இல்ல. சம்பந்தி வீட்டு ஆளுங்க ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க. பாய்க்குப் பெருமை தாங்கல. பேயாண்டியை நடுவுல நிறுத்தி, "நம்ம பிரியாணியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க"ன்னாரு. அம்புட்டுப் பேரும் போனைத் தூக்கிப் பிடிச்சாங்க. அருமைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்கார்ந்திருக்கலாம்.

"எனக்கு ருசி தெரியாதுங்க. ரொம்ப நாளா அடுத்தவங்க மூஞ்சியப் பார்த்துத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு உப்பே இல்லாததைக் கச்சிதம்னு சொல்லிட்டேன். பண்டாரி சம்சாரம் விரலால தொட்டுப் பார்த்து உங்க விருந்தைக் காப்பாத்திருச்சு. பாராட்டுறதா இருந்தா அந்தம்மாவைப் பாராட்டுங்க."

ஒருத்தரும் பாராட்டல. சம்பந்தி வீட்டுக்காரரு கையிலெடுத்த கவளத்தைத் தட்டுலயே போட்டாரு. பாய் அடுப்படிக்கு வந்து, "எங்க வீட்டு ஆளு பார்க்க வேண்டிய உப்பை உன் பொண்டாட்டி பார்த்தாளா? ஊரே படம் பிடிச்சிருச்சேய்யா!"ன்னாரு. அடுத்த கல்யாணம் அதோட போச்சு. இப்ப ஜுல்பிகர் அண்ணாநகர்ல ஒரு ஹோட்டல்ல சம்பளத்துக்கு ஆக்குறாரு.

அன்னைக்கு எனக்கு ஆத்திரம் தாங்கல. "உண்மை பேசுறாராம்! அது யாரு தலையில விழுந்துச்சு பாத்தீங்களா? இதுவும் வியூஸுக்குத்தான்!"னு கத்துனேன்.

"மறைச்சிருக்கலாம்ல, மறைக்கலையே" என்கிறாரு இவரு. இன்னும் அந்தாளு குரல்தான் வீட்டுல ஓடுது.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குன்னு தாளிச்ச சோறு ஆக்குனாரு. ஒரு வாய் வச்சதுமே, "நல்லா இருக்கு மச்சான்"னேன். கரண்டியை வச்சுட்டு என் மூஞ்சியவே பார்த்தாரு.

"நெசமாவா? நீ மறைக்கிற ஆளாச்சே."

அள்ளுன கவளத்தைத் தட்டுலயே வச்சுட்டேன். சோறு நெசமாவே நல்லா இருந்துச்சு.