மேற்கே சூலம், பாரிஸும் மேற்கே

காரைக்காலில் விமான டிக்கெட் போடும் வேலை என்றால், பூமி உருண்டை என்று தினமும் நாலு பேருக்கு நிரூபிக்கும் வேலை. கவுண்டருக்குப் பின்னால் தொண்டை வறண்ட சக பாவிகளே, உங்களுக்குப் புரியும். எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டே மாலையில் இந்த டிராவல்ஸில் உட்காருகிறேன். சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார், கஸ்டமரோடு மூன்று சண்டை, அதோடு வேலை காலி. வேலை போனால் வீட்டில் அடுத்த பேச்சு மாப்பிள்ளைதான்.

அதே வழிதானே?

திருமலைராயன்பட்டினத்து ஜவுளிக்கடைக்காரர் டிக்கெட்டை மேசையில் அறைந்தார். ராத்திரி சென்னையில் ஏறினால் விடிந்ததும் பாரிஸ். திரும்பும்போது மட்டும் காலையில் ஏறிப் பாதி ராத்திரியில்தான் சென்னையா? "சார், கடிகாரம்தான் ஊருக்கு ஊர் மாறும். உண்மையில் திரும்பி வருவதுதான் சீக்கிரம், காற்று பின்னாலிருந்து தள்ளும்" என்றேன். கல்லாப்பெட்டி மேலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சுற்றியும் காட்டினேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. முதலாளி ஒரு விரலைக் காட்டினார். வந்தவர் அசரவில்லை.

"பழத்தை வச்சிடு பாப்பா. போற பிளேன்லயே திரும்பி வர்ற மாதிரி டிக்கெட் போடு."

எது தூரம்?

தருமபுரத்துப் பெரியவர் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர், வருஷா வருஷம் மகனைப் பார்க்கப் பறப்பவர். "சென்னை முந்நூறு கிலோமீட்டர், அங்கிருந்து பாரிஸ் எட்டாயிரம்" என்றேன், கேட்டாரே என்று. தப்பு என்றார். தப்பா! பஸ், ஆட்டோ, வரிசை, காத்திருப்பு என்று விரல் மடக்கினார். அது நேரம் ஐயா, தூரம் இல்லை என்று நான் பேப்பரில் படம் போடும்போதே முதலாளியின் இரண்டாவது விரலும் எழுந்துவிட்டது.

"என் முட்டிக்குக் கிலோமீட்டர் தெரியாதும்மா. பாரிஸ் பக்கம்தான், சென்னைதான் தூரம்."

வெள்ளிக்கிழமை

பூவத்திலிருந்து ஒரு விவசாயியும் மனைவியும் வந்தார்கள். பாரிஸில் மகளுக்குத் தலைப்பிரசவம், எந்த நேரமும் வலி வரலாம், துணைக்கு ஆள் இல்லை. அந்த வாரம் கிடைத்தது ஒரே விமானம், வெள்ளி அதிகாலை மூன்று மணிக்கு. "வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். பாரிஸ் மேற்க இருக்கு. வேணாம்" என்று அவர் எழுந்துவிட்டார். வாயை இறுக்கிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் மாப்பிள்ளை பயமெல்லாம் பறந்துவிட்டது.

"பஞ்சாங்கத்துல விடிஞ்சாத்தானே அடுத்த நாள்? மூணு மணி பிளேன் வியாழக்கிழமை பிளேன், ஐயா."

"நடு வானத்துல விடிஞ்சா?"

"இறங்கி நிக்கப் போறீங்களா? சூலம் கிளம்புறதுக்குத்தான். அப்பவும் பயமா இருந்தா பரிகாரமா ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுக்குங்க!"

கத்தியே விட்டேன். முதலாளி மூன்றாவது விரலை நிமிர்த்துவதற்குள் அந்த அம்மா பையிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்து என் முன் வைத்தார்.

"வலி என்ன சூலம் பாத்துக்கிட்டா வரும்? நீ டிக்கெட்டைப் போடும்மா."

எந்தக் கிழமை?

வேலை போயிற்று என்றே நினைத்திருந்தேன். வாரக் கடைசியில் பாரிஸிலிருந்து போன், முதலாளிதான் எடுத்தார். மகளைப் பிரசவ அறைக்குள் அனுப்பும் வரை அம்மா கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம், பேத்தி பிறந்துவிட்டாள். அவள் பிறந்தபோது அங்கே சனி ராத்திரி, இங்கே ஞாயிறு ஆகிவிட்டது. ஜாதகம் எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு, சத்தம் போனுக்கு வெளியே கேட்டது. 'வாதாடுற பொண்ணைக் கூப்பிடுங்க' என்றார்களாம். முதலாளி போனை என் பக்கம் நீட்டினார்.

"இந்தாம்மா, நாலாவது சண்டை. நல்லாவே போடு."

ஆக, சக பாவிகளே, வேலை போகவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை, பூமி மட்டும் எங்கள் கவுண்டரில் இன்னும் தட்டையாகவே இருக்கிறது.