மலைக் கமரா

கிருபாகரனின் பயணப்பை நவம்பர் நடுவிலிருந்து கதவடியில் நிற்கிறது. காலையில் சவரக்கத்தியை அதிலிருந்து எடுப்பான். முகம் வழித்ததும் திரும்ப உள்ளே வைப்பான். ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுதியொன்றில் அவன் எட்டுக் குளிர்காலமாகச் சமையல்காரன். இந்த வருடம் பனி போதாதென்று விடுதி திறப்பதை இரண்டு தடவை தள்ளிவைத்துவிட்டார்கள்.

அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலையில் பொருத்தியிருக்கும் கமராவின் படத்தைப் பத்து நிமிடத்துக்கொருமுறை போனில் பார்த்தான். உச்சியில் வெள்ளை, விடுதி வாசலில் புல். சறுக்குக் கட்டையில் ஒருநாளும் கால் வைக்காதவன், எந்தச் சரிவில் எத்தனை சென்டிமீட்டர் பனி என்று தூக்கத்திலும் சொல்வான். பாரிஸில் ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மரக்கறிக் கடைக்காரர், "இந்த முறை குளிர் குறைவு தம்பி, நல்ல காலம்," என்றார். "என்ன நல்ல காலம்?" என்று சீறி, பொறுக்கிய கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்தான்.

வியாழன் காலை படத்தில் புல் மறைந்திருந்தது. மத்தியானம் முதலாளியிடமிருந்து செய்தி வந்தது: நாளைக்கே வா.

"அப்பாடா," என்றாள் மனைவி சுஜாந்தி. "இனியாவது அந்தப் போனை விடுங்கோ. மலையை நேரிலையே பாக்கலாம்தானே."

"நான் சமைக்கிற குசினி நிலத்துக்குக் கீழையப்பா. ஒரு யன்னல்கூட இல்லை. விடிய முதல் இறங்கினா, இருட்டினாப் பிறகுதான் வெளியிலை வாறது."

சவரக்கத்தியைப் பைக்குள் வைத்து இழுத்துப் பூட்டினான். பிறகு போனை எடுத்து, வெயிலில் மின்னிய அந்தச் சரிவை முதன்முறையாக ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.