தானாகத் திறந்த கட்டுமரப் பக்கம்

வீடு வீடாகப் புத்தகம் விற்பதைப் போல நாய்ப்பிழைப்பு வேறில்லை. பையைச் சுமந்து காலிங்பெல் அழுத்தியவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொண்ணூறுகளில் நான் சுமந்தது தலையணை கனத்தில் ஓர் ஆங்கில அகராதி.

பூர்வீகம் சொல்

தி.நகரில் ஒரு மாடியறைதான் ஆபீஸ். மேனேஜர் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்றே ஒன்று. கதவு திறந்ததும் தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தையின் பூர்வீகத்தைச் சொல்லவேண்டும். கேட்டமரான் நம்ம கட்டுமரம், செரூட் நம்ம சுருட்டு. கேட்கிறவர் உச்சி குளிர்ந்து வாங்கிவிடுவாராம். யாருக்கும் குளிரவில்லை. அப்பா படுக்கையில், வீட்டில் என் சம்பளம் மட்டும்தான் என்பது மேனேஜருக்கும் தெரியும். இருந்தும் சொன்னார்: "இந்த வாரம் ஒண்ணாவது விக்கலேன்னா, திங்கட்கிழமை பையைக் குடுத்துட்டுப் போயிடுப்பா."

மயிலாப்பூர் காபி

ரிடையரான வாத்தியார் ஒருவர் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பூர்வீகம் முழுக்கத் தலையாட்டிக் கேட்டார். எனக்கு நப்பாசை வந்து ரசீதைக்கூட எடுத்துவிட்டேன். டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்மாத்துச் சொத்தை வெள்ளைக்காரன் தூக்கிண்டு போனான். அதை நான் விலை குடுத்துத் திரும்ப வாங்கணும்கறேளா?"

அடையாறு கேட்

இங்கே கேட்டே திறக்கவில்லை. கம்பி வழியாக அகராதியில் மல்லிகடானி சூப் என்ற வார்த்தையைக் காட்டி, "இது நம்ம மிளகுத்தண்ணிம்மா" என்றேன். வீட்டுக்கார அம்மா படித்துப் பார்த்தார். "மிளகு ரசத்துல கறியைப் போடறவன் புக்கு எனக்கு எதுக்குங்க?"

பட்டினப்பாக்கம்

சனிக்கிழமை, மீன் விற்கும் அம்மா ஒருவர் தானே கூப்பிட்டார். பொண்ணு பத்தாவதாம், இங்கிலீஷ்தான் உதைக்கிறதாம். அப்பாடா, வேலை தப்பித்தது என்று நினைத்தேன். தினமும் ஒரே இடத்தில் பிரித்துப் பிரித்து, கட்டுமரப் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. படத்தோடு. நானும் வாய்ப்பாடு மாதிரி ஆரம்பித்தேன். "இது உங்க கரையிலேருந்து கிளம்பி லண்டன் வரைக்கும் போன வார்த்தைம்மா."

அந்த அம்மா படத்தையே பார்த்தார். போன மாசப் புயலுக்கு முந்தின நாள் கட்டுமரத்தில் போன புருஷன் இன்னும் வரவில்லை என்றார். சாயந்தரமானால் பொண்ணு கரையில் போய் நிற்கிறாளாம். அவர் அழவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "அந்தப் பக்கத்த மூடு நைனா, பொண்ணு வந்துகினு கீறா."

எத்தனை தடவை மூடினாலும் அங்கேதான் பிரிந்துகொள்ளும் அந்தப் புத்தகத்தை அந்த வீட்டில் விட்டுவர மனசில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தேன், திங்கட்கிழமை பையைக் கொடுத்தேன், பூர்வீகம் மட்டும் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.